கிறிஸ்துராஜாவின் வாழைக்குலை

வெம்பிளியில் எங்கள் ஊர்ச்சனம் நடத்தும் சங்கத்துக்குப் புனித யாகப்பர் சகாய சங்கம் என்று பெயர். அங்கத்தவர் வீட்டில் யாராவது கண்மூடினால் சவப்பெட்டியிலிருந்து தேநீர்வரை சங்கமே பார்த்துக்கொள்ளும். அதற்கான காசு வருடத்தில் ஒருநாள், யாகப்பர் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் நடக்கும் ஏலத்தில்தான் சேரும். அந்த ஏலத்தை இருபது வருடமாகக் கூறியவர் கிறிஸ்துராஜா. என் கணவர். பெயர் சொல்லி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இனி இவர் என்றே எழுதுகிறேன்.

இவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எண்பத்தொன்பதில் வந்து, குரோய்டனில் வரிசையில் நின்று விசா எடுத்து, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, பிறகு தபால் பிரிக்கும் வேலைக்குப் போய், முழங்கால் பழுதாகி இப்போது வீட்டில் இருக்கிறார். வீட்டில் வாய் திறப்பது அபூர்வம். கறியில் உப்பில்லாவிட்டால் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஆளே வேறு. முகத்தில் ஒரு பூரிப்பு வரும். எங்கள் கலியாண வீடியோவை இரண்டுமுறை போட்டு அந்தப் பூரிப்பைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு மைக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏலத்துக்கு கேக் வரும், பனங்கட்டி வரும், பலகாரத் தட்டு வரும். பெரிய காசு வருவது கடைசியில் கூறும் வாழைக்குலையில். அதை ஏலத்தில் எடுப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காசைக் கட்டிவிட்டு, “திரும்பக் கூறுங்கோ” என்று சங்கத்துக்கே விட்டுவிடுவார். அதே குலை மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுப் போகும். யாராவது “நான் கொண்டுபோறன்” என்று சொன்னால் அத்துடன் முடிந்தது. எல்லாச் சுற்றையும் கூட்டித்தான் இந்த வருடம் குலை இவ்வளவு போனது என்று கனடாவரை போனில் பேசுவார்கள்.

குலையைச் சுற்ற வைப்பதில் இவரை அடிக்க ஆளில்லை. யார் யாரோடு கதைப்பதில்லை, யார் புதுக்கார் எடுத்தது, யாருடைய மகளுக்கு மருத்துவப் படிப்பு கிடைத்தது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். “வீட்டுக்கு மேல லொஃப்ட் கட்டின கிளின்ரன் இருபதிலேயே நிக்கிறார். ஏணி வாங்கவும் காசில்லைப் போல” என்பார். பலசரக்குக் கடை வைத்திருக்கும் கிளின்ரன் ரோசத்தில் நாற்பது கேட்பார். அதைப் பார்த்து அவருடைய மச்சான் ஐம்பது கேட்பார். அடுத்தவன் எரிச்சலில்தான் சங்கம் நடக்கிறது என்று இவர் பெருமையாகச் சொல்வார். எரிச்சல் தன் வீட்டுக்கும் வருமென்று நினைத்திருக்க மாட்டார்.

இந்த வருடம் ஆனி மாதக் கூட்டத்தில் தலைவர் டினேஷ் எழும்பி, ஒரு மாற்றத்துக்காக இம்முறை ஏலத்தை றூபினி கூறட்டும் என்றார். றூபினி இங்கே பிறந்தவள். கவுன்சிலில் வேலை. இளம் ஆட்கள் ஏலம் தொடங்கியதும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறார்களாம், அவள் கூறினால் இருப்பார்களாம். “அண்ணை இருபது வருசம் கஷ்டப்பட்டிட்டார், இனி முன்வரிசையில இருந்து பாக்கட்டும்” என்று டினேஷ் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது. “அவளுக்கு ஆரைத் தெரியும்? கிளின்ரன்ர மச்சான் ஆரெண்டு கேட்டால் சொல்லுவாளோ?” என்றார். அடுத்தநாள், “சிரிச்சுச் சிரிச்சுக் கூறினால் ஆர் காசு குடுப்பான்?” என்றார். அந்த மாதம் முழுக்க இவர் பேசியது அதற்கு முந்திய பத்து வருடத்தில் பேசியதைவிடக் கூடுதல். அவள் வந்து யோசனை கேட்பாள் என்று ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. வாசல் மணி அடித்தால் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வருவார். பார்சல்காரனாக இருப்பான்.

“வரமாட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியுமாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“வந்தால் சொல்லிக் குடுப்பியளோ?” என்று கேட்டேன்.

“விசரே உமக்கு? பிழையாய்ச் சொல்லிக் குடுப்பன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், பகிடிக்குச் சொல்லவில்லை. பொறாமை மனுசனைத் தின்றுகொண்டிருந்தது. தூக்கம் குறைந்தது, இரத்த அழுத்தம் கூடியது. ஒருநாள் பூசையில் நற்கருணை வாங்க எழும்பாமல் உட்கார்ந்தே இருந்தார். முழங்கால் நோவு என்றார். றூபினி வேத வாசகம் வாசித்த நாள் அது.

ஏல நாள் வந்தது. முன்வரிசையில் இருத்தினார்கள், இவர் எழும்பி மூன்றாம் வரிசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கேக் சுமாராகப் போனது. பனங்கட்டி இழுபட்டது. றூபினி மரியாதையாகக் கூறினாள், சனமும் மரியாதையாகக் கேட்டது. மரியாதையில் காசு வராது. இவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மைக் இல்லாமலே அந்தப் பூரிப்பு வந்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு வாழைக்குலையைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். றூபினி அதைத் தொட்டுக்கொண்டு இவர் பக்கம் பார்த்தாள்.

“கிறிஸ்துராஜா அங்கிள் போன வருசம் குலையை ஆயிரத்து இருநூறு பவுண்வரைக்கும் ஏத்தினவர். சங்கத்தில ஒருத்தரும் அதைத் தாண்டினதில்லை. இண்டைக்கு நான் தாண்டப்போறன். அங்கிளிட்ட வாங்கிக் கட்டின ஆக்கள் எல்லாரும் கை உயர்த்துங்கோ பாப்பம்.”

மண்டபம் சிரித்தது. கை உயர்த்தாதவர்கள் குழந்தைகள் மட்டும்தான். கிளின்ரன் இரண்டு கையையும் உயர்த்தினார். “அறுபது” என்று அவரே தொடங்கினார்.

அதற்குப் பிறகு குலை நிலத்தில் நிற்கவில்லை. இருபது வருடமாக இவரிடம் கேலி வாங்கியவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக எழும்பிக் கேட்டார்கள், எடுத்தார்கள், திரும்பக் கூறுங்கோ என்றார்கள். வருடக்கணக்காக ஒருவரோடொருவர் கதைக்காத மச்சான்மார் இருவர்கூட இவரைத் தோற்கடிப்பதற்காக ஒன்றாகச் சேர்ந்து ஒரு சுற்றை எடுத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்ற பெடியளெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். இவர் விரலை மடித்து மடித்துக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

“ஆயிரத்து அறுபது” என்றாள் றூபினி. “அங்கிளுக்குக் கிட்ட வந்திட்டம்.”

இவர் என் காதுக்குள் குனிந்தார். “மெற்றில்டா, இந்தச் சுற்றை நான் எடுக்கப்போறன்.”

“ஏன்?”

“எடுத்து வீட்டை கொண்டுபோனால் அதோட சரி. நூறோட முடிச்சால் தாண்டாது.”

“நூறு பவுணுக்கு வாழைப்பழமோ?”

“நீர் பேசாமல் இரும்” என்று சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி, “நூறு” என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இருபது வருடத்தில் இவர் ஒரு பொருளையும் கேட்டதில்லை. கூறுகிறவர் கேட்கக்கூடாது என்பது இவரே வைத்த முறை. றூபினி ஒரு கணம் இவரைப் பார்த்தாள். அப்போது பின்னாலிருந்து கிளின்ரன், “நூற்றி இருபது” என்றார்.

“கிளின்ரன் அங்கிள் கேக்கிறார். லொஃப்டும் அவரிட்ட, குலையும் அவரிட்ட. கிறிஸ்துராஜா அங்கிளிட்ட மைக்கும் இல்லை” என்றாள் றூபினி. “ஒருதரம். இரண்டுதரம்.” மூன்று என்று சொல்லாமல் நிறுத்தி, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிறுத்தம் அப்படியே இவருடையது. இவர் எத்தனை பேரை அப்படி நிறுத்தி எழுப்பியிருக்கிறார். முழங்கால் நோவு எங்கே போனதோ தெரியாது, துள்ளி எழும்பி, “நூற்றைம்பது” என்று கத்தினார். நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்தது சரிவரவில்லை.

“மூன்றுதரம். ஆயிரத்து இருநூற்றிப் பத்து” என்றாள் அவள்.

கைதட்டில் கூரை பறந்தது. இவர் நின்றபடியே நின்றார். தன் கணக்கைத் தானே தாண்டிவிட்டது அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

“அங்கிள், திரும்பக் கூறவோ, கொண்டுபோறியளோ?” என்று கேட்டாள் றூபினி. குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் இவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்ப விட்டால் அவள் இன்னும் மேலே போவாள். “கொண்டுபோறன்” என்றார். எல்லோரும் ஊளையிட்டார்கள். கஞ்சன் என்ற பட்டத்தை இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

குலையோடு பஸ்ஸில் வந்தோம். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“என்ர பேரைச் சொல்லித்தானே அவள் சேர்த்தவள்” என்றார்.

“ஓம்.”

“என்ர பேர் இல்லாட்டி ஐந்நூறும் போயிராது.”

“ஓமப்பா.”

குலையைச் சற்று நிமிர்த்தி வைத்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, “வாற வருசமும் என்ர பேரைச் சொல்லுவாள், என்ன?” என்று கேட்டார்.

வருகிற வருடம் றூபினி தாண்டவேண்டியது தன்னுடைய இந்த வருடக் கணக்கை. அதில் இவருடைய பெயருக்கு வேலையில்லை. அது இவருக்கும் தெரியும். இருந்தும் முகத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுவாள்” என்று பொய் சொன்னேன்.