தென்காசியில் எழுதி ஐந்தருவியில் வாங்கிய சான்றிதழ்

தென்காசியையும் குற்றாலத்தையும் ஒரே நாளில் சுற்ற முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: தாராளமாக முடியும். 1957 ஜூன் மாதம் நானும் அம்மாவும் பத்து மணி நேரத்தில் சுற்றியிருக்கிறோம். ஆனால் நாங்கள் போனது குளிக்க அல்ல.

எங்கள் ஊர் செங்கோட்டை. நான் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி இண்டர்மீடியட் முடித்து, அதே கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்திருந்தேன். படிப்பின் நடுவே மாநிலங்களைப் பிரித்து, அதுவரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்துவிட்டார்கள்; திருவனந்தபுரம் கேரளத்துக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் கல்லூரிக் கடிதம் வந்தது. எந்த மாநிலத்தவள் என்பதற்குத் தாசில்தாரின் சான்றிதழோடு நாளை மறுநாள் காலை பத்தரைக்கு நேரில் வரவேண்டும். அரசு மானியம் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தனி வரிசை, இரட்டைக் கட்டணம். அப்பாவுக்கு வயலில் கார் பருவ நடவு. அம்மாதான் என்னோடு கிளம்பினாள்.

காலை ஏழே காலுக்குப் பஸ். தென்காசிக்கு ஐந்து மைல், நாலணா. நயா பைசா வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்டக்டர் ஆளுக்கு ஆள் கணக்குச் சொல்லித் தொண்டை வற்றிப் போயிருந்தார். தாலுகா ஆபீஸ் பத்தரைக்குத்தான் திறந்தது. அதுவரை நான் உட்காரவே இல்லை.

"தாசில்தார் அய்யா குத்தாலத்துல முகாம் போட்டிருக்காவ. நாலு நாள் கழிச்சி வாங்க" என்றார் குமாஸ்தா.

"நாலு நாளுல காலேஜ் கதவ அடைச்சிருவாவ. நீங்க எழுதித் தாங்க அண்ணாச்சி, கையெழுத்த நாங்க போயி வாங்கிக்கிடுதோம்" என்றாள் அம்மா.

அவர் பழைய பதிவேட்டில் என் பெயரைத் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சாயங்காலம் ஐந்து பத்து ரயிலை விட்டால் எல்லாம் போச்சு. நான் ஆபீஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றாலம் மூன்று மைல். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. பேரருவியின் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. தாசில்தார் தங்கியிருந்த பங்களாவின் காவல்காரர், "இப்பந்தான் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாவ" என்றார். ஒன்றே கால் ரூபாய் பேசி ஒரு குதிரை வண்டி பிடித்தோம். சாரலில் காகிதம் நனைந்துவிடும் என்று, தூக்குச்சட்டியிலிருந்த புளிச்சோற்றை அம்மா வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சட்டியைத் துடைத்து அதற்குள் காகிதத்தை வைத்தாள்.

"மழையில குதிர வழுக்குதும்மா, மெதுவாத்தான் போகும்" என்றார் அவர்.

"சோறு தின்னுட்டு மெதுவாவா ஓட்டுதீரு?" என்றாள் அம்மா.

தாசில்தார் உடம்பெல்லாம் எண்ணெயோடு துண்டு கட்டிக்கொண்டு பாறையோரம் நின்றார். கோபப்படவில்லை. எண்ணெய் படாமலிருக்க, காகிதத்தை என்னையே பிடிக்கச் சொல்லி வாசித்தார். பிறந்தது திருவிதாங்கூரில், இப்போது வசிப்பது சென்னை மாநிலத்தில். இரண்டு வரிகள்.

"பொறந்த எடம் மட்டும் போதும் அய்யா. அடுத்த வரிய அடிச்சிருங்க" என்றாள் அம்மா.

"காலேஜ்ல என்ன கேட்டிருக்காங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் நல்லவள் என்பதால் அல்ல, பயத்தில்தான் சொன்னேன். பாதிப் படிப்பில் யாராவது கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டால்? "ரெண்டும் இருக்கட்டும் சார்."

"ஏட்டி!" என்று அம்மா என் முழங்கையில் கிள்ளினாள். அவர் கையைத் துடைத்துவிட்டு வண்டிப் பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பங்களாவில் முத்திரை வாங்கித் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி ஐந்து. செங்கோட்டையில் அப்பா சேற்றுக் காலோடு வந்து என் பெட்டியை ஜன்னல் வழியாகத் திணித்தார். புனலூர் தாண்டும்வரை அம்மா இரட்டைக் கட்டணத்தை விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கல்லூரியில் இரண்டு வரிசைகள். சொந்த மாநிலத்தவர் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. அயல் வரிசையில் மூன்றே பேர். குமாஸ்தா என் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, கட்டணத்தைச் சொன்னார். அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்தபடியே, "கட்டுதோம்" என்றாள். கால் மணி நேரத்தில் இடம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது தெரு வரிசையிலிருந்து என் விடுதித் தோழி தங்கம்மா கூப்பிட்டாள். என் மதிப்பெண்ணேதான் அவளுக்கும். என் கையிலிருந்த ரசீதைப் பார்த்துச் சிரித்தபடியே, "எடீ, நீ எந்நா புறநாட்டுக்காரி ஆயது?" என்றாள். மலையாளத்தில், நீ எப்போது அயலாள் ஆனாய் என்று. ரசீதை மடித்து உள்ளங்கையில் மறைத்தேன். நடந்துவிட்டேன்.

அவளுக்கு அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. என் படிப்பு முடிகிறவரை அப்பா இன்னொரு வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதார். எங்களிடம் வாங்கிய இரட்டைக் கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததா, அல்லது அவர்களில் ஒருத்தியின் இடத்தை எனக்கு விற்றதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியில் போங்கள், காலை ஏழு மணிக்கு முன்பே ஐந்தருவிக்குப் போய்விடுங்கள், எண்ணெய் வழுக்கும் பாறையில் காலை ஊன்றி வையுங்கள். வெளி மாநிலத்திலோ வெளிநாட்டிலோ கல்லூரியில் சேரப் போகிறவர்கள் பக்கத்து வரிசையையும் ஒருமுறை பாருங்கள். தெரிந்த முகம் இருந்தால், பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.