ஆறாம் நாள் தண்ணி

சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றக் கண்ணகியைத்தான் கூப்பிடுவார்கள். அவசரமென்றால் பிரசவமும் பார்ப்பாள். தொண்ணூற்றாறில் ரேணுகாவுக்கு அப்படித்தான் பார்த்தாள். ஆண் குழந்தை.

ஆறாம் நாள் காலை. வேப்பிலை போட்டுக் கொதித்த வெந்நீரை முதுகில் ஊற்ற ஊற்ற, ரேணுகா வெடவெடவென்று நடுங்கினாள்.

"குளுருதுக்கா."

வயிற்றைத் தொட்டாள் கண்ணகி. அனலாய்ச் சுட்டது. அவிழ்த்துப் போட்ட துணியில் அழுகின வாடை. பிரசவத்தன்று வந்து விழுந்த நஞ்சுக்கொடியின் ஓரம் பிய்ந்திருந்ததைப் பார்த்திருந்தாள். எல்லாம் வந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு புதைத்துவிட்டாள்.

"பால் கட்டிகினு கீது. சுக்கு தட்டிப் போட்டு காய மருந்து குடுத்தா காய்ச்ச எறங்கிடும்" என்றாள் ரேணுகாவின் அம்மா வேண்டா.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்க்கா" என்றாள் கண்ணகி.

"தீட்டு கழியாம பச்ச ஒடம்புக்காரிய வெளிய இட்டுகினு போறதா? காத்து பட்டா ஜன்னி வந்துடும்."

சொன்னால் இனி ஒரு வூட்டிலும் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் இந்தப் பெண் போய்விடுவாள். கண்ணகி வேண்டாவின் கையைப் பிடித்தாள்.

"கொடி முழுசா வரலக்கா. அன்னிக்கே பாத்தேன். பயந்துகினு சொல்லல."

வேண்டா அவளை ஒரு தரம் பார்த்தாள். பக்கத்து வூட்டுச் சம்பத்தை ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ரேணுகாவின் நடுக்கம் நின்று, கண் செருகியது. கண்ணகி அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தையைக் கண்ணகியிடம் தராமல் வேண்டா மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், "யாரு பிரசவம் பாத்தது?"

"நான்தாம்மா."

உள்ளே தங்கியிருந்ததை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். மூன்று நாளும் கண்ணகி வராந்தாவை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வேண்டா வெளியே வந்து, குழந்தையைக் கண்ணகியின் மடியில் வைத்தாள்.

"புடி. நா போயி அவளுக்குக் கஞ்சி வாங்கியாரேன்."

அதற்குப் பிறகு கண்ணகி பிரசவம் பார்க்கவில்லை. வலி எடுத்தவளோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போவாள். தண்ணீர் ஊற்ற எப்போதும்போலப் போனாள். எந்த வூட்டில் கூப்பிட்டாலும், பெற்றவளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்வரை அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.