ஒருவரும் சேராத வகுப்பு

மனித குலத்தின் அறிவுத் தாகத்தைத் தீர்க்கவே இந்தப் பல்கலைக்கழகம் எழுந்தது என்று நுழைவாயில் பளிங்கில் பொன்னெழுத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே இருக்கிற குடிநீர்க் குழாயைத் திறந்தால் மூன்று மாதமாகக் காற்றுதான் வருகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் இப்படி ஒன்று நடந்தது என்றால் யாரும் நம்பத் தயங்குவார்கள். ஆனால் நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதுவும் நட்ட நடுப்பகலில்.

நடந்தது கல்லு மேடத்துக்கு. நிலவியல் துறையின் தலைவர் அவள்தான், ஆசிரியர்களும் அவள்தான். நாலாயிரம் பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் அப்போது நானூறு பேர் படித்தார்கள். கட்டணம் ஏற ஏறப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நிலவியலுக்குப் போன வருடம் ஒருவரும் சேரவில்லை என்று அலுவலகம் சொன்னது. இந்த வருடம் பத்துப் பேர் சேர்ந்தால் துறை இருக்கும். இல்லையென்றால் அந்த வகுப்பறை காபிக் கடை ஆகும், மேடம் வீட்டுக்குப் போவாள். இருபத்திரண்டு வருட வேலை. அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

அன்று பெற்றோர் நேரில் வந்து பார்க்கும் நாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் பொறுப்பு மேடத்தின் தலையில் விழுந்தது.

காட்டுவதற்கு ஒரு வழிமுறை உண்டு. விடுதியில் மிச்சமிருந்த முப்பது பிள்ளைகளை, மதியச் சாப்பாடு இலவசம் என்று சொல்லிப் பிடித்து வைத்திருந்தார்கள். பெற்றோர் முன்படிக்கட்டில் மெதுவாக ஏறுவார்கள். அதற்குள் ஆய்வக உதவியாளர் லேப் அண்ணன் அந்த முப்பது பேரையும் பின்படிக்கட்டு வழியாக ஓட்டிக்கொண்டு போய் அடுத்த வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து கதவில் இரண்டு தட்டு. டொக்... டொக். அதைக் கேட்ட பிறகுதான் மேடம் கதவைத் திறக்க வேண்டும். அதுவரை தூணைக் காட்டி, ஜன்னலைக் காட்டி, நிறுவனரின் படத்தைக் காட்டி நேரத்தை ஓட்ட வேண்டும். ஒரு கதவுக்குப் பின்னால் மேலாண்மை படித்த அதே முப்பது பேர், அடுத்த கதவுக்குப் பின்னால் கணினிப் பொறியாளர்கள் ஆகியிருப்பார்கள். துணைவேந்தர் இதற்கு 'வளங்களின் மறுபங்கீடு' என்று பெயர் வைத்திருந்தார்.

வந்திருந்த பெற்றோர் ஒன்பது பேர். எட்டுப் பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தனி. புதிதாக இஸ்திரி போட்ட சட்டை, செருப்பில் காய்ந்த செம்மண்.

"பையன் வரலீங்களா?" என்றாள் மேடம்.

"வந்திருக்கான் மேடம். முன்னாடி போயிட்டான்."

"எந்தப் படிப்பு கேக்குறான்?"

"உங்க படிப்புதான். நான் போர்வெல் லாரி ஓட்டுறேன். சின்ன வயசுல கூடவே வருவான். உள்ளேயிருந்து வர்ற மண்ணையும் கல்லையும் பொறுக்கிப் பொறுக்கி வீடு பூரா அடுக்கி வச்சிருக்கான். இது எவ்வளவு பழசுப்பா, எவ்வளவு பழசுப்பான்னு உயிரை எடுப்பான். எனக்கென்ன தெரியும்?"

மேடத்துக்குக் கண் கலங்கியது. தானாகக் கேட்டு வரும் ஒரு பிள்ளை! அவள் அப்படி ஒருவனைப் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

முதல் அறை, மேலாண்மை. டொக்... டொக். திறந்தாள். முப்பது பேரும் பொய்யாகக் குனிந்து பொய்யாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான். முதுகிலிருந்த பையைக்கூடக் கழற்றவில்லை.

"அதோ" என்றார் போர்வெல்காரர். முகம் அப்படி மலர்ந்தது.

சரிதான், கூட்டத்தோடு கலந்துவிட்டான் போலிருக்கிறது என்று மேடம் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது அறை, கணினி. பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. பின்படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. மேடம் பெற்றோரை நிறுவனரின் படத்தருகே நிறுத்திவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். விளக்குப் போடவில்லை. கடைசி பெஞ்சில் நீலச் சட்டை.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

பிறகு கதவைத் திறந்தபோது முப்பது பேரும் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மட்டும் மூச்சு வாங்கவில்லை. அவனுக்கு இருபக்கமும் இடம் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் முன் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது மூன்றாம் மாடி. சிக்கன நடவடிக்கையாக லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"மேல என்ன இருக்கு?" என்றார் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஓர் அப்பா.

"நிலவியல்."

"கல்லைப் படிச்சு என்னங்க பண்றது? அதுக்கு மூணு மாடி வேற ஏறணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தாள், அதுவும் அவள் வேலையில் சேர்த்திதான். எட்டுப் பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

போர்வெல்காரர் மட்டும் ஏறினார்.

தாழ்வாரம் நீண்டு கிடந்தது. இந்த மாடிக்கு ஒரு வருடமாக யாரும் வருவதில்லை. கதவுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். காத்திருந்தார்கள்.

டொக்... டொக்.

மேடம் கதவைத் திறந்தாள்.

முப்பது பேர் இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவன். நீலச் சட்டை. முதுகில் பை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. லேப் அண்ணன்.

"மேடம், பின்பக்கக் கதவு பூட்டியிருக்கு. சாவி இல்ல. பசங்களும் நானும் இன்னும் ரெண்டாவது மாடியிலதான் நிக்கிறோம். திறந்துடாதீங்க..."

அப்படியானால் தட்டியது யார்?

தரை முழுக்கத் தூசி. வாசலிலிருந்து கடைசி பெஞ்ச் வரை கனமாக, மாவு தெளித்த மாதிரி. அதில் ஒரு காலடிகூட இல்லை.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால் வரவில்லை.

"மேடம்..." என்றார் அப்பா, மெதுவாக. "ஒரு பாடம் நடத்துங்க. அதுக்குத்தான் வந்தான்."

அவள் சாக்பீஸை எடுத்தாள். பூமிக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பாறை எது, விட்டுவிடுகிற பாறை எது... முதல் வருடத்தின் முதல் பாடம். முதுகைக் காட்டி எழுதினாள்.

பின்னால் பை ஜிப் திறக்கும் சத்தம்.

காகிதம் புரளும் சத்தம்.

பேனா... கிறுக்... கிறுக்... கிறுக்...

அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது.

எழுதினாள். அதுவும் எழுதியது.

பாடம் முடிந்தது.

திரும்பினாள்...

பெஞ்ச் காலி.

"கிளம்பிட்டான்" என்றார் அப்பா. கும்பிட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டார்.

கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் மேடம் அன்று மாலை விசாரித்தாள். அக்காவின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

"நீலச் சட்டையா? பையைக் கழட்டாம உக்காந்திருந்தானே, அவனா?"

"ஆமாக்கா. யாரு அவன்?"

"போன வருசம் கிளாஸ் தொடங்குன அன்னிக்கு வந்தான் மேடம். காலையிலேர்ந்து அந்த ரூம்ல தனியா உக்காந்திருந்தான். யாரும் வரல. சாயங்காலம் பூட்டப் போனேன். இன்னும் கொஞ்ச நேரம்க்கா, மேடம் வந்துடுவாங்கன்னான். நானும் விட்டுட்டேன். அதுக்குள்ள கடைசி பஸ் போயிடுச்சு. இருட்டுல ரோட்டோரமா நடந்திருக்கான்... பின்னாடி வந்த வண்டிக்காரன் பாக்கல."

அந்த நாள் முழுக்க மேடம் இரண்டாம் மாடியில், தன் அறையில்தான் இருந்தாள். ஒரே ஒரு மாடி கீழே. கல்லுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்கு ஓடினாள். "போன வருஷம் யாருமே சேரலைன்னுதானே சொன்னீங்க?"

எழுத்தர் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஒருத்தர் சேர்ந்திருந்தார் மேடம். பத்துக்குக் கீழ இருந்தா யாரும் சேரலைன்னுதான் போடுவோம். அதான் வழக்கம்."

"அவனுக்குத் தகவல் சொன்னீங்களா?"

"யாரும் சேரலைன்னு போட்டாச்சே மேடம். அப்புறம் யாருக்குச் சொல்றது?"

இந்த வருடமும் பத்துப் பேர் வரவில்லை. துறையை மூடினார்கள். அந்த அறை காபிக் கடை ஆனது, அங்கேயும் கூட்டமில்லை. மேடம் போர்வெல்காரரைத் தேடிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். வீடு முழுக்கக் கல் அடுக்கியிருந்தது. அவர் தன் போனை நீட்டினார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி: 'உங்கள் மகனுக்காக எங்கள் வகுப்பில் ஓர் இடம் காத்திருக்கிறது. நேரில் வந்து பாருங்கள்.' பிள்ளைகள் குறைந்துபோனதால், பழைய எண்கள் எல்லாவற்றுக்கும் கணினியே அனுப்புகிறது.

அந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துவிடும்படி மேடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கும் திங்கட்கிழமைதோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளை, செலவு மிச்சம் என்று போன மாதம் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.