கறையான் விட்டுவைத்த விடைகள்

மின்னியக்கவியலைச் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி நாவல் வாசிப்பதுபோல வாசித்துவிட்டு, லண்டன் பட்டப் பரீட்சை எழுதக் கொழும்புக்கு ரயிலேறிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை. அப்போது மட்டக்களப்பில், வாவிக்கரையோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் பிடித்த வரிகளுக்குக் கீழே கோடுகூட இழுத்து வைத்திருந்தேன். பரீட்சையில் பிடித்த வரியை யாரும் கேட்கவில்லை. கணக்குக் கேட்டார்கள். தோற்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் குடியிருந்தது மனைவி வீட்டில். ஆகவே தோல்வியை அறைக்குள் வைத்துப் பூட்ட வசதியில்லை. மாமனார் நல்ல மனிதர்; ஒரு குறையும் சொல்லவில்லை. வட்டையில், ஊர் வயல்வெளியில், தன் வயலைப் பார்க்க ஆளில்லை என்று மட்டும் தினமும் சோற்றுக்கு முன்னால் சொல்லிக்கொண்டார். கடைசியில் நானே வாக்குக் கொடுத்தேன்: இன்னும் ஒரேயொரு முறை எழுதுகிறேன், அதிலும் தவறினால் புத்தகத்தை மூடிவிட்டு வட்டைக்கு வருகிறேன். எருமை எதிரே வந்தால் வழிவிடுகிறவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சம்மதித்தார்.

எனக்கு வேண்டியிருந்தது பயிற்சிக் கணக்குகள். கையிலிருந்த புத்தகத்தில் தத்துவம் மட்டுமே உண்டு. கொழும்பு நண்பனுக்கு எழுதினேன். அங்கே நூலகத்திலிருந்த ஒரே கணக்குப் புத்தகத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்று பதில் வந்தது. என்னைப்போல் இன்னொருவன் எங்கோ தவிக்கிறான் என்ற ஆறுதல்தான் மிச்சம்.

அப்போதுதான் ஏறாவூரில் பழஞ்சாமான் விற்கும், எல்லோரும் நானா என்று அழைக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரைப்பற்றிக் கேள்விப்பட்டேன். சீமைக்குத் திரும்பிய ஒரு எஞ்சினியர் துரையின் பங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்தவர். அதில் ஒரு பெட்டி புத்தகமாம். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். பெட்டியின் அடியில், நான் தேடியதே கிடந்தது: மின்சாரமும் காந்தமும், நூற்றுக்கணக்கான கணக்குகள், விடைகளுடன். அட்டையைத் திறந்தால் உள்ளே மண். கறையான் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டு போய், கணக்குகள் முடிந்த இடத்தில் நிறுத்தியிருந்தது. விடைப் பக்கங்கள் மட்டும் புத்தம் புதிதாய் இருந்தன.

என் முகத்தைப் பார்த்த நானா தேற்றினார். "கேள்வியத்தான் கறையான் திண்டிரிக்கி, வாத்தியார். விடையெல்லாம் முழுசா இரிக்கி. மனிசனுக்குத் தேவ விடதானே?"

சும்மா கொண்டுபோகச் சொன்னார். வேறு வழியின்றிக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் அதை வெறித்துப் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்தேன். விடை இருக்கிறது, அதற்குப் பொருத்தமான கேள்வியை நானே செய்துகொள்வது. மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு பெண் தேடுவதில்லையா?

விடியற்காலையில் பாடசாலைக்குப் போகுமுன் இரண்டு கேள்வி, பின்னேரம் இரண்டு. சாய்மனைக் கதிரையை மாமனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முதுகு வளைக்க முடியாத மரக்கதிரையில் உட்கார்ந்தேன். கோளங்கள் பற்றிய பகுதியில் பதினேழாம் விடை என்னை மறித்தது. அதில் ஒரே சொல்: பூச்சியம்.

முதலில், மின்னேற்றமே இல்லாத கோளத்தைச் சுற்றி மின்புலம் எவ்வளவு என்று ஒரு கேள்வி எழுதினேன். விடை சரி. அரை மணிநேரம் பெருமையாகவும் இருந்தது. பிறகு வெட்கத்தோடு அடித்துவிட்டு, உள்ளே வெறுமையான உலோகக் கோளத்தை எடுத்தேன். உள்ளே எந்தப் புள்ளியிலும் பூச்சியந்தானா, நடுவில் மட்டுமா? உள்ளே ஒரு மின்னேற்றத்தை வைத்தால் விடை கெட்டுவிடுகிறதே. அப்போதும் பூச்சியம் வர எதைச் செய்யவேண்டும்? கோளத்தைக் கம்பியால் பூமியோடு தொடுத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். வெளியே பூச்சியம்! ஒரு சொல்லுக்கு நாலு நாள் போனது. எதைச் சொன்னால் கணக்கு நிற்கும், எதைச் சொல்லாமல் விட்டால் கவிழும் என்பது அந்த நாலு நாளில்தான் எனக்குப் பிடிபட்டது.

தனியே தலையாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மனைவி, "இன்னும் கேள்வி கிடைக்கல்லையா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "விடைய வச்சுக்கொண்டு இவ்வளவு பாடா" என்று தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போவாள்.

மறுபடி கொழும்பு. மூன்றாம் வினாவை இரண்டுதரம் வாசித்தேன். பூமியோடு தொடுத்த, உள்ளே வெறுமையான உலோகக் கோளம், அதற்குள் நடுவிலிருந்து விலக்கி வைத்த மின்னேற்றம், வெளியே மின்புலம் என்ன, காரணம் காட்டுக. அது நானே பெற்ற பிள்ளை; அங்கமச்சம் உட்பட எனக்குத் தெரியும்.

முதல் வகுப்பிலல்ல, கடைசி வகுப்பில், கதவு சாத்துமுன் உள்ளே நுழைந்தவனைப்போலப் பாஸ் பண்ணினேன். மாமனார் வயலைப் பார்க்க வேறு ஆள் வைத்துக்கொண்டார். எருமைகளுக்கும் நிம்மதி. இன்றும் யாராவது ஒரு விடையை உரத்துச் சொன்னால், இது எந்தக் கேள்விக்கு என்று என் மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பழக்கம் பட்டத்தைவிட அதிகமாக எனக்கு உதவியிருக்கிறது.

முடிவு வந்த வாரமே ஒரு முட்டி தயிரோடு ஏறாவூருக்குப் போனேன். கேள்வியில்லாமல் போனதே எனக்கு நல்லதாய்ப் போயிற்று, கேள்விகளைச் செய்ததால்தான் படித்தேன் என்று நானாவுக்கு விரிவாக விளக்கினேன். அவர் முட்டியைப் பக்குவமாக உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"அப்ப விடையையும் கறையான் திண்டிருந்தா, வாத்தியார் முதலாம் வகுப்பில பாஸ் பண்ணியிருப்பீங்க எண்டு சொல்லுங்க."