மஞ்சள் குடித்த லாரி

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்தது லாரி ஒன்றுதான். அக்காவும் நானும் சளி, காய்ச்சல் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். லாரிக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசலில் நிறுத்திச் சக்கரம் சக்கரமாகத் தேய்த்துக் கழுவி, முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டிய பிறகுதான் மாமா சாப்பிட உட்காருவார். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

அந்த லாரி யுத்தத்துக்குப் போய்வந்த கிழம். பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஏலம் விட்ட சாமான்களில் ஒன்றாக வந்தது. அதுவரை மாட்டுவண்டி வைத்திருந்த அப்பா அதை எடுத்துப் போடிக்குக் கொண்டுவந்தார். மலை மேலே இருக்கும் எஸ்டேட்டுகளுக்கு அரிசி, பருப்பு ஏற்றிப் போவதும், அங்கிருந்து ஏலக்காய் மூட்டைகளை மண்டிக்கு இறக்குவதும்தான் தொழில். லாரி வந்த நாளிலிருந்து அப்பாவின் நடையே மாறிவிட்டது. தெருவில் நடக்கும்போதுகூட ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் மாதிரி இரண்டு முழங்கையையும் அகட்டிக்கொண்டு நடப்பார்.

ஓட்டுவது அப்பா என்றாலும் அதை ஓடவைத்தது மாமா. அவர் எந்தப் பட்டறையிலும் வேலை பழகியவர் இல்லை. கழற்றிப் பார்த்துக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டார். திரும்ப மாட்டும்போது மிஞ்சிப்போகும் திருகுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். "இதெல்லாம் வெள்ளக்காரன் அழகுக்கு மாட்டுனது, ஆத்தா" என்பார் என்னிடம். இஞ்சினில் எண்ணெய் கசியாமல் இடையில் கொடுக்கும் கேஸ்கட் வேண்டுமென்றால் காலண்டர் அட்டைக்கு ஆபத்து. சாமி படத்தை மட்டும் பத்திரமாக உரித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, மிச்ச அட்டையை இஞ்சின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டியே அளவெடுத்து வெட்டிவிடுவார். பிரேக்குக்கு ரிவிட் அடிப்பது, ஸ்பிரிங் பட்டை கூட்டுவது, கதவு இல்லாத இடத்தில் பலா மரத்தில் கதவு செய்து மாட்டுவது எல்லாம் அவர் கைவேலை.

ரேடியேட்டர் ஒழுகினால் அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். மஞ்சள்தூளை அதன் வாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். அதனால் வாரம் தவறாமல் அடுப்படி வாசலில் மாமாவின் குரல் கேட்கும்.

"ஏ புள்ள, கொஞ்சம் மஞ்சத்தூளு கொண்டா."

கேட்பது அக்காவிடம். அக்கா ஒரு கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு வந்து, நிலைப்படிக்கு உள்ளேயே நின்று நீட்டுவாள். "கொழம்புக்கு இல்லாட்டியும் ஒன் லாரிக்கு வேணும்" என்று அம்மா வைவாள். வைதுவிட்டு முந்தானைக்குள் சிரிப்பாள். மாமாவுக்குத்தான் அக்கா என்பது அவள் பிறந்த அன்றைக்கே முடிவான சங்கதி. முறைமாமன் இருக்கும்போது வெளியில் யாரும் பெண் கேட்டு வரவே மாட்டார்கள். ஆகவே மாமாவுக்குச் சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. பெண் எடுக்கப்போகிற வீட்டில் யாராவது சம்பளம் கேட்பார்களா? அப்பாவும் வாய் நிறைய "மாப்ளே, மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். லாரி நன்றாக நிலைக்கட்டும், கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்பார். லாரி எப்போது நிலைப்பது? ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போகும்.

அப்பாவுக்கு ஒருநாள் புதிய ஆசை வந்தது. பின்பக்கம் நீளத்தைக் கூட்டிவிட்டால் ஒரே நடையில் கூடுதல் மூட்டை ஏற்றலாம் அல்லவா? மாமா தலையைச் சொறிந்தார்.

"வேணாம் மச்சான். இப்பவே மலை வளைவுல முக்கி முக்கித் திரும்புது. நீளம் கூடுனா ஒரே வெட்டுல திரும்பாது. நிப்பாட்டிப் பின்னால வந்துதான் திருப்பணும்."

"திருப்புவோம். கட்டை போட நீ இருக்கேல்ல?"

மலைப்பாதையில் போகிற லாரிகளில் கட்டை போட ஓர் ஆள் இருப்பார். ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் உருளாமல் இருக்க, குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கீழே ஆப்புக் கட்டையைச் செருக வேண்டும். வண்டி முன்னே நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் லாரியில் அதுவும் மாமாதான். அப்பா சொன்னபடியே இரும்புச் சட்டம் வைத்து முடுக்கி, பலகை அடித்து, லாரியை நீளமாக்கிக் கொடுத்தார். தெருவே வந்து பார்த்தது. நானும் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னை மலைக்குக் கூட்டிப்போனார். முன்னால் அவர் பக்கத்தில் நான். வெளியே படிக்கட்டுப் பலகையில் கட்டையும் கையுமாக மாமா. பாதி மலையில் கோடைமழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் லாரி நின்றது. ஒவ்வொரு முறையும் மாமா குதித்தார். நான் கைகொட்டிச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் நின்ற லாரி, நின்ற இடத்தில் நிற்காமல் பின்னால் வழுக்கத் தொடங்கியது. அப்பா பிரேக் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"போடு மாப்ளே! வெரசாப் போடு!"

ஒரு குலுக்கல். லாரி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். என் பக்கத்தில் பாதை இல்லை. மேகம்தான் இருந்தது. கட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். ஈரத்தில் கட்டை நழுவியிருக்கிறது. மாமா அதைக் காலால் உதைத்துச் சக்கரத்துக்கு அடியில் தள்ளியிருக்கிறார். சக்கரம் கட்டையோடு சேர்த்து அவர் காலையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மாமா பிழைத்துக்கொண்டார். வலது பாதம் பிழைக்கவில்லை. பெரியாஸ்பத்திரியிலிருந்து கக்கத்தில் கம்பு வைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் அப்பா ஒரு வேலை சொன்னார், கூட்டிய நீளத்தை அறுத்து எடுத்துவிடும்படி. மாமா உட்கார்ந்தபடியே அறுத்துக் கொடுத்தார். அதன் பிறகும் எல்லா வேலையும் செய்தார். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டால் நொண்டி என்பது யாருக்குத் தெரியப்போகிறது? கட்டை போட மட்டும் வேறு ஆள் வந்தான்.

அப்பா அவரை "மாப்ளே" என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை. "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நாளில் ராசிங்காபுரத்திலிருந்து மளிகைக் கடைக்காரர் வீட்டார் அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் அடுப்படியில் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"அவன் காலு யாருக்காகப் போச்சு?"

"நான் இல்லேன்னா சொல்றேன்? அதுக்காகப் புள்ளைய நொண்டி கையில குடுத்துட்டு நாளைக்கு அவ கஞ்சிக்கு நிக்கவா?" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. எத்தனை நிதானமாகச் சொன்னார்! அம்மா அதன் பிறகு வாதாடவில்லை. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமாவிடம் மட்டும் முறைப்படி கேட்டார்கள். உரிமைக்காரன் சம்மதிக்காமல் பெண்ணை வெளியில் கொடுக்க முடியாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சபையில் வைத்து வெற்றிலை பாக்கு நீட்டி, "என்னப்பா, உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார்கள். "மச்சான் சொன்னாச் சரிதான்" என்று சொல்லி மாமா வெற்றிலையை வாங்கிக்கொண்டார். எல்லாரும் அவரை மெச்சினார்கள்.

பெண்ணை விட்டுக்கொடுத்தாலும் தாய்மாமன் கடமை விடாதே! மாமாதான் அக்காவுக்கு மாமன் சீர்ப் புடவை எடுத்தார். மாலை போட்டார். கம்பைப் பந்தல் காலில் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்து மணவறைக்கு நொண்டி நொண்டிக் கூட்டிவந்து உட்காரவைத்தார். சாப்பாடு முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ராசிங்காபுரம் கொண்டுபோக லாரியில் தோரணம் கட்டினார்கள். சீர்ச் சாமான்களோடு பின்னால் மாமாவும் நானும் ஏறிக்கொண்டோம்.

பாதி வழியில் லாரி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. மாமா இறங்கி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊற்ற ஊற்ற ஒழுகியது. மாமா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"கொஞ்சம் மஞ்சத்தூளு இருந்தாப் போயிரலாம்."

புது மாப்பிள்ளை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அக்கா இறங்கிப் பின்னால் போனாள். சீர்ப் பாத்திரங்களில் ஒரு தூக்குச்சட்டி நிறைய, புதுக்குடித்தனத்துக்கென்று அம்மா இடித்துக் கொடுத்த மஞ்சள்தூள் இருந்தது. மூடியைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மாமாவின் கைகளில் கொட்டினாள்.

"போதுமா?"

"போதும் புள்ள."

ஒழுகல் நின்றது. லாரி கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டில் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்ட பெண்களிடம், லாரி மஞ்சள் குடித்த கதையை நான்தான் நடித்துக் காட்டினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

மாமாவைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் கம்பைப் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டு உள்ளங்கையும் மஞ்சளாகவே இருந்தன.

"வெறும் தண்ணியில போகாது மாமா. எண்ணெய் கொண்டாரவா?"

"வேணாம் ஆத்தா. அது போறப்பப் போகட்டும்."

பசி மயக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இலை போட்டுவிட்டார்கள், வெரசா வாங்க என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.