மூன்று நிமிட மரப்படி

லோரிஸ் சிங்கொலானி பதினான்கு வருடங்களில் பதினொரு அணிகளுக்குப் பந்து ஆடியிருக்கிறான். மால்டாவில் ஒன்று, ருமேனியாவில் நான்கு, சைப்ரஸில் இரண்டு, பல்கேரியாவில் ஒன்று, ஹங்கேரியில் ஒன்று, அல்பேனியாவில் இரண்டு. எல்லாமே இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு. இடது ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுக்கிற வேலை. அந்த ஓரத்து ஆட்டக்காரனை மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்கள்தான் அருகில் பார்ப்பார்கள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏன்டா, இத்தாலியில பந்து கிடைக்கலையா உனக்கு?"

அவன் சிரித்து வைப்பான். உண்மையான பதில் ஒரு மடித்த தாளில் இருந்தது. அதைக் கடவுச்சீட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் பதினொரு ஊர்களுக்கும் கொண்டுபோயிருந்தான்.

இருபத்தொரு வயதில் அவன் நான்காம் பிரிவில் நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தான். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கே யாரும் ஆட முடியாது. பெரிய மைதானத்து நட்சத்திரத்துக்கும் ஊர் அணியின் தொப்பை விழுந்த கோல்கீப்பருக்கும் ஒரே சட்டம். அந்த ஜூலையில், மார்பில் ஒட்டிய ஒயர்களோடு படுத்திருந்தவனின் ஈசிஜி தாளை வயதான டாக்டர் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"இடையில ஒண்ணு ரெண்டு துடிப்பு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி வருது. பயப்படாதே. அடுத்த வாரம் வா, இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுத்துடலாம். அதுவரைக்கும் ஆடாதே."

பயப்படாதே என்று சொன்னவரின் முகத்தை லோரிஸ் பார்க்கவில்லை. அவன் பார்த்தது சித்தப்பா தீனோவை. செருப்புத் தொழிற்சாலையில், கையில் பசைத் தூரிகையோடு, முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் மேசைமேல் சாய்ந்து, பிறகு எழாதவர். அடுத்த வாரம் போனால் என்ன எழுதித் தருவார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் எழுதாததை அவனே வாசித்துவிட்டான். அவன் போகவில்லை.

பதிலாக, ஆட்டக்காரர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஃபெரூச்சோவிடம் போனான். கழுத்து வரைக்கும் வெயிலில் கறுத்த ஆள். எப்போதும் இரண்டு போன்கள்.

"மால்டாவுல இடதுகால்காரன் ஒருத்தன் வேணுமாம்," என்றார் ஃபெரூச்சோ. "பரிசோதனையெல்லாம் பெரிசா கிடையாது. டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்குவாரு. கை சூடா இருந்தா பாஸ்."

அப்படித்தான் அவனுடைய ஐரோப்பா தொடங்கியது. மால்டாவின் தரை ஆணி போட்ட காலணியைத் திருப்பி அடித்தது. சைப்ரஸில் ஜன்னலைத் திறந்தால் எலுமிச்சைத் தோப்பு, சாத்தினால் கொசு. ஹங்கேரியில் ஒரு பருவம் முழுவதும் தனக்கு என்ன கட்டளை இடப்படுகிறது என்றே தெரியாமல் ஆடி, அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று ஒரு கோப்பை வாங்கினான். மொழி புரிந்த ஊர்களில் அவ்வளவு நன்றாக அவன் ஆடியதில்லை.

இடைவேளையின்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து எண்ணுவான். ஒன்று, இரண்டு, மூன்று. சில நாள் ஒழுங்காக வரும். சில நாள் ஒரு துடிப்பு, படியில் கால் இடறினதுபோல, தடுக்கும். அன்றைக்கு இரண்டாம் பாதியில் இன்னும் வேகமாக ஓடுவான். நின்றால்தான் ஆபத்து என்பது அவனே கட்டிக்கொண்ட மருத்துவம்.

ருமேனியாவில் மைதானத்துக்கு எதிரே இருந்த ரொட்டிக்கடையின் ஜன்னலில்தான் ரலூகா நின்றாள். எள் தூவிய வளைய ரொட்டியை நூலில் கோத்து விற்பாள். ரொட்டிக்கு நின்றவனின் விரல்கள் தானாகக் கழுத்துக்குப் போவதைப் பார்த்து மூன்றாவது நாளே கேட்டாள்.

"கழுத்துல என்ன தேடுற? சங்கிலி கிங்கிலி தொலைஞ்சுபோச்சா?"

கல்யாணமாகி இரண்டாவது வருடம்தான் அவளிடம் உண்மையைச் சொன்னான். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"டாக்டர்கிட்ட போவோம்."

"போனா ஆட முடியாது."

"போகாட்டி?"

"ஆடலாம்."

"நல்லா இருக்குடா உன் கணக்கு," என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போனாள். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தாள். மகள் இலிங்கா பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பந்தை அவள் பார்ப்பதே இல்லை. அவனை மட்டுமே பார்ப்பாள்.

இந்த வருடம் இலிங்காவுக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்க்க வேண்டும். ஜூன் மாதம் ஊரிலிருந்து ஜில்பெர்த்தோ கூப்பிட்டார். டயர் கடை வைத்திருப்பவர், கூடவே ஐந்தாம் பிரிவில் ஆடும் ஊர் அணியின் தலைவர்.

"காலையில என் கடையில டயர் மாத்து. சாயங்காலம் பந்தை விரட்டு. அம்மா வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு? வாடா, போதும் சுத்தினது."

மூவரும் ஊருக்கு வந்து அந்த மாடியில் இறங்கினார்கள். ஜில்பெர்த்தோ பேசி முடித்த பத்தாவது நாள் அல்பேனியாவிலிருந்தும் அழைப்பு வந்தது. பழைய அணி, இன்னும் ஒரு வருடம். பக்கத்து அன்கோனா துறைமுகத்திலிருந்து வியாழக்கிழமை கப்பல்.

ரலூகா தட்டுகளைத் துடைத்தபடியே சொன்னாள். "நானும் இலிங்காவும் கப்பல் ஏறமாட்டோம். நீ டெஸ்டுக்குப் போ. என்ன வருதோ வரட்டும், அதோட இங்கேயே இருப்போம். போகாட்டி நீ மட்டும் கப்பல் ஏறு."

"ஆட விடலைன்னா?"

"டயர் மாத்து."

செவ்வாய்க்கிழமை காலை அணியில் பாதிப் பேர் ஜில்பெர்த்தோவின் வேனில் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். வழக்கம்போல ஒவ்வொருவர் கையிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறுநீர் டப்பா. ஒருவன் மட்டும் பீச் பழரச பாட்டிலில் எடுத்து வந்திருந்தான்.

"டேய், லேபிளையாவது கிழிச்சிருக்கலாம்ல? யாராவது எடுத்துக் குடிச்சிடப்போறாங்க."

"குடிச்சவன் உன்னைவிட நல்லா ஆடுவான்."

குழாய் வேலை செய்யும் கோல்கீப்பர் சௌரோ, காத்திருக்கும் அறையில் லோரிஸுக்கு எதிரே உட்கார்ந்தான். "சர்வதேச ஆட்டக்காரரே, கொஞ்சம் சொல்லுங்க. பல்கேரியாவுலயும் டப்பாவுலதான் பிடிப்பாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். லோரிஸும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டினான். வெளியே போகும் கதவு பதினோரு அடி தூரத்தில் இருந்தது. எழுந்து நான்கு அடி நடந்தும் விட்டான். அங்கே ஜில்பெர்த்தோ கதவை அடைத்துக்கொண்டு நின்று யாரிடமோ குளிர்காலத்து டயர் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கடா கிளம்பிட்ட? உன் பேரைத்தான் கூப்பிடறாங்க."

டாக்டர் வெனான்சி நாற்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். ஒயர்களை ஒட்டினார். பிசின் குளிர்ந்தது. இயந்திரம் தாளைத் துப்பத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை அவன் பதினான்கு வருடமாகக் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாளும் மறக்கவில்லை.

டாக்டர் தாளைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

அதே நேரம். அதே பார்வை. லோரிஸ் கண்ணை மூடிக்கொண்டான். சரி, முடிந்தது. டயர்.

"எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

"குடும்பத்துல யாருக்காவது?"

சித்தப்பாவைப் பற்றிச் சொன்னான். குரல் எங்கோ வேறு ஓரத்திலிருந்து வந்தது.

"அவர் சிகரெட் பிடிப்பாரா?"

"நாளைக்கு மூணு பாக்கெட். வீட்டுலயும் பசை, தொழிற்சாலையிலயும் பசை. படியேறினாலே மூச்சு வாங்கும்."

"ம். ரெண்டு துடிப்பு முன்னாடி வருது. எழுந்திரு, படி ஏறு."

அறையின் மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்படி. தாளம் தட்டும் ஒரு சின்னக் கருவி. மூன்று நிமிடம் அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்க வேண்டும். லோரிஸ் ஏறினான். டிக், ஏறு. டிக், இறங்கு. எத்தனையோ தொண்ணூறு நிமிடங்கள் ஓடியவனுக்கு மூன்று நிமிடம் பெரிய நீளமாக இருந்தது. முதல் நிமிடத்தில் மால்டாவும் சைப்ரஸும் கடந்தன. இரண்டாம் நிமிடத்தில் பனிமேல் நீலக்கோடு போட்ட ருமேனிய மைதானம். மூன்றாவது நிமிடத்தில் ஒன்றும் இல்லை, மரம் மட்டும். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"கையை இறக்கு. எண்ண வேண்டியது நான்," என்றார் டாக்டர்.

மறுபடி படுக்கை, மறுபடி தாள். இந்த முறை டாக்டர் நீளமாகப் பார்க்கவில்லை.

"காணோம்."

"என்ன காணோம்?"

"முன்னாடி வந்ததுங்க. வேகமா ஓடும்போது வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிடுது. இது நல்ல ஜாதி. இரு, எக்கோவும் பார்த்துடறேன். உன் முகத்தைப் பார்த்தா, பார்க்காம விட்டா தூங்கமாட்ட போலிருக்கு."

பக்கத்து அறையின் இருட்டில் அவனுடைய இதயம் சாம்பல் நிறத் திரையில் திறந்து மூடியது. ஒரு சின்ன வாய் ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல. அவன் அதை முதன்முறையாகப் பார்த்தான். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, யாரும் கேட்காத ஊரிலும் ஒழுங்காக ஆடுகிற ஆட்டக்காரனைப்போல.

"சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "காபியைக் கொஞ்சம் குறை. அவ்வளவுதான்."

லோரிஸ் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். மடிப்புகளில் நூலாகிவிட்ட அந்தப் பழைய ஈசிஜி தாளை நீட்டினான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார்.

"அப்பவும் முன்னாடி வந்தது இதே ஆளுங்கதான். அன்னிக்கு யாரும் உன்னை மறுபடி வரச் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"நீ?"

"மால்டா போயிட்டேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கினார், அடக்க முடியவில்லை. அவனுக்கும் வந்தது. முதலில் சிரிப்பாக, பிறகு என்னவென்று பெயர் சொல்ல முடியாத ஒன்றாக. டாக்டர் ஒயரைத் துடைக்கிற காகிதத்தை ஒரு முழம் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே நடைபாதையில் நின்று ரலூகாவைக் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்லையாம்."

"ஒண்ணுமில்லைன்னா?"

"ஒண்ணுமே இல்ல. அப்பவும் இருந்திருக்காது போல."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. எட்டு வருடமாக உள்ளே வைத்திருந்த மூச்சாக இருக்கும். அப்புறம் ருமேனிய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை. அவளுடைய ஊரில் கழுதைகளைத் திட்டுவது.

"திட்டு," என்றான் லோரிஸ். "இன்னும் திட்டு."

"வீட்டுக்கு வா, மிச்சத்தை நேர்ல திட்டறேன். மூச்சை விட்டதுல எனக்கே இப்ப படபடன்னு வருது."

அடுத்து அல்பேனியாவுக்குப் போன் போட்டான். வியாழக்கிழமை வரமாட்டேன், குடும்பத்தோடு ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்றான். அந்த மேலாளர் காரணம் கேட்டார். "உடம்பு நல்லா இருக்கு," என்றான் லோரிஸ். எதிர்முனையில் குழப்பம். விளக்கவில்லை.

இழந்தது எவ்வளவு என்று யோசிக்க அன்றைக்கு அவனுக்கு மனமில்லை. நான்காம் பிரிவில் அவனோடு ஆடியவர்கள் இரண்டு பேர் மேலே போனார்கள். அந்தக் கணக்கு எப்போதாவது ஒரு மழை நாளில் வந்து கதவைத் தட்டும். தட்டட்டும், திறந்து உட்கார வைக்கலாம். இப்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. நடந்தால் கால் தரையில் சரியாகப் படாததுபோல் இருந்தது.

ஜில்பெர்த்தோ அவன் கண்ணைப் பார்த்துவிட்டார். "என்னடா, அழுதியா? ஊசி போட்டாங்களா?"

"கையெழுத்துப் போட்டாங்க."

"அதுக்கா? இந்த வயசுல உன்னைப் பாஸ் பண்ணமாட்டாங்கன்னு பயந்துட்டேன்னு சொல்லு. சரி சரி, வேனுக்கு நட. ஒருத்தனால எல்லாரும் நிக்கறோம்."

அந்த ஒருத்தன் சௌரோ. காலையிலிருந்து அத்தனை பேரையும் கேலி செய்தவன், தன் டப்பாவை வீட்டுக் குளியலறை ஜன்னலிலேயே மறந்துவிட்டிருந்தான். இப்போது காலி டப்பாவோடு கழிப்பறைக்குள் அரைமணி நேரமாக இருந்தான். ஒரு சொட்டும் வரவில்லை. கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, உதட்டைக் குவித்து "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்டா, சிரிப்பு வருது! சிரிச்சா நின்னுடுது!" என்று உள்ளேயிருந்து சௌரோ கத்தினான்.

"ஊரெல்லாம் குழாய் போடறவன், சொந்தக் குழாயைத் திறக்கத் தெரியல பாரு."

லோரிஸ் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வரிசையில் இடது ஓரமாய் ஓர் இடம் இருந்தது. அங்கே போய் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவனும் ஊதத் தொடங்கினான்.