மூக்கு சார் சொன்ன விலை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. ஒயின் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள் முதல் முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவர் மூக்கு சார். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் "என்னப்பா" என்று திரும்பிப் பார்ப்பார்.

வேலை இதுதான். காலை பத்து மணிக்கு, வெள்ளை ஓடு பதித்த அறையில், பாட்டில்களுக்குக் கறுப்புத் துணி உறை மாட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். சிலியா, போர்ச்சுகலா, ஜார்ஜியாவா, எந்தத் தோட்டம், எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றுவார், சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார். ஒரு வாய் வாங்கி, பல்லிடுக்கில் காற்றை இழுத்துக் கரகரவென்று உருட்டித் தொட்டியில் துப்புவார். பிறகு ஒரு எண். "இருபத்திரண்டு." "ஒன்பது." கடையில் அந்தப் பாட்டிலுக்கு அதுதான் விலை. அதற்குக் கட்டுப்படியாகிற மாதிரி விற்க வந்தவர் கொடுத்தால் சரக்கு இறங்கும், இல்லையென்றால் வந்த லாரி அப்படியே திரும்பும். தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு தடவை முதலாளியம்மாவின் சொந்தத் தம்பி தன் தோட்டத்துச் சரக்கைக் கொண்டுவந்து வைத்தார். உறைக்குள் இருப்பது யாருடையது என்று மூக்கு சாருக்கு ஜாடை காட்டியும் ஆயிற்று. "ஏழு. அதுவும் சமையலுக்கு" என்றார் மனுஷன். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அந்த மூக்கைக் காப்பாற்ற வேண்டுமே! வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது, செண்ட் கிடையாது, பூந்தொட்டி கிடையாது, வெங்காயம் வாசற்படி தாண்டாது. அவர் மனைவி இருபத்தாறு வருஷம் அப்படி வாழ்ந்து, ஒரு நாள்கூட முணுமுணுக்காமல், செத்தும் போனாள். அவளைச் சொல்ல வேண்டும். அவள் போய் ஐந்து வருஷம், மகளும் வீட்டை விட்டுப் போய் நான்கு வருஷம். இப்போது தனி ஆள். மூன்று மாடி ஏறுவதற்குள் ஒவ்வொரு கதவிடுக்கிலும் வருவதை மூக்கு படித்துவிடும். முதல் மாடி வாத்தியார் சிகரெட்டை விட்டுவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறாள். எல்லாம் தெரியும், ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் கதவைத் திறந்தால் மட்டும் ஒரு வாசனையும் வராது. அங்கேதான் அவருக்கு மூச்சு முட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கை மூடினால் திங்கட்கிழமை காலை வரை வாயைத் திறக்க ஆள் இல்லை. உலகத்து ஒயினையெல்லாம் ருசித்தவருக்கு, எதிரே உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க ஒரு ஜீவன் கிடையாது.

நன்றாக வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மகள் விஷயத்தில் அவர் செய்தது அப்படி. நான்கு வருஷத்துக்கு முன்பு, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை அவள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். லிஃப்ட் மெக்கானிக். புதுச் சட்டையும் பளபளவென்று ஷூவுமாக வந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போனான். கதவைச் சாத்தியதும் அவள் ஆசையாகக் கேட்டாள்.

"எப்படிப்பா?"

"பாட்டில் நல்லாருக்கும்மா. உள்ள இருக்கறது பன்னெண்டுக்கு மேல போகாது."

வேறு எந்த அப்பன் இப்படிச் சொல்வான்? ஷூக் கயிறு கட்டிக்கொண்டு அவன் இன்னும் படியில்தான் நின்றிருந்தான். கல்யாணத்துக்கு இவருக்கு அழைப்பு வரவில்லை. பேத்தி பிறந்ததே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும்.

போன வாரம் ஃபோன் வந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு அவள் குரல்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வாங்கப்பா."

"வரேம்மா. என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"ஒண்ணும் வேணாம். வாய மட்டும் பாத்துக்கோங்க."

பஸ்ஸில் போகும்போது ஒரே ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டே போனார். நல்லாருக்கு. எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு, எதைக் காட்டினாலும் நல்லாருக்கு. இந்த ஒரு வேளையைக் கெடுத்துக்கொண்டால் இனிமேல் மகள் இல்லை, பேத்தி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கதவு திறந்ததும் அந்த வீடு அப்படியே மூக்கில் வந்து மோதியது. எலுமிச்சைச் சோப்பு, வதங்குகிற வெங்காயம், குழந்தைப் பவுடர், மருமகன் கையில் மிஷின் எண்ணெய், மகள் மேல் மல்லிகை செண்ட். எல்லாம் ஒரே சமயத்தில். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். மகள் இளைத்திருந்தாள். "உள்ள வாங்க" என்றாள், சிரிக்கவில்லை. குழந்தை உள்ளே தூங்கியது.

மருமகன்தான் வீட்டைக் கலகலப்பாக்கப் பார்த்தான். "என்னைப் பன்னெண்டுன்னு சொன்னீங்களே மாமா. இப்ப சம்பளம் ஏறியிருக்கு, பதினஞ்சாவது போடுங்க" என்றான். மூக்கு சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவன் பாட்டுக்குச் சிரித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். அதற்கு உறை மாட்டியிருந்தான். உறை என்றால் என்ன, அவனுடைய கம்பளிக் காலுறைதான்.

"தொவச்சதுதான் மாமா, பயப்படாதீங்க. குடிச்சிட்டு வெல சொல்லுங்க பாப்போம்."

மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

ஒரு வாய்தான். வேகவைத்த பிளம் பழம், ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தண்டு, நாக்கைத் தாண்டுவதற்குள் காணாமல் போகிற ருசி. அவருடைய கடையிலேயே கீழ்த்தட்டுச் சரக்கு. எட்டு. அவரே போட்ட விலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பாவம், இவனால் முடிந்தது இதுதான் என்று நினைத்தார். காலுறை மாட்டி விளையாட்டுக் காட்டுகிற பையனின் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு வாயைத் துப்பாமல் விழுங்கினார்.

"முப்பத்தஞ்சு" என்றார். "ரொம்ப நல்லாருக்கு."

மருமகன் சிரிக்கவில்லை. மெதுவாகத் தன் மனைவியைப் பார்த்தான். அவள் காலுறையை உருவினாள்.

"உங்க கடைல வாங்கினதுப்பா. எட்டு. விலைச்சீட்டு உங்க கையெழுத்து."

"இவ அடிச்சு சொன்னா மாமா" என்றான் அவன். "எங்கப்பாகிட்ட ஆயிரம் குத்தம் இருக்கு, ஆனா அவரு வாய்ல பொய் வராது, நம்ம வீட்டுக்கே வந்தாலும் எட்டுன்னுதான் சொல்வாருன்னு."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

"அன்னைக்கு எறக்கிச் சொன்னீங்க. இன்னைக்கு எங்களைப் பாத்தா பாவமா இருக்கு, அதான் ஏத்திச் சொல்றீங்களா?"

ஆமாம் என்பதுதான் பதில். அந்தப் பதிலைச் சொன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். திரும்பிப் போய் அந்த வாசனையில்லாத கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தார்.

"மூக்கு போயிடுச்சும்மா" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. ஆறு மாசமா. குத்துமதிப்பா ஏதோ சொன்னேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருஷமாக யாரும் தொடாத கை. "ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?" என்றாள், இந்தத் தடவை வேறு குரலில்.

"யார்கிட்டம்மா சொல்றது?"

அது மட்டும் பொய்யில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் அவர் கையில் இல்லை. நாளைக்கே வேலையை விட்டுவிட வேண்டும் என்றாள் அவள். பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது, மாமா வந்துவிடட்டும் என்றான் அவன், சனிக்கிழமை வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். நல்ல டாக்டராகப் பார்க்கலாம், வீட்டிலேயே தினம் வாசனை காட்டிப் பழக்கினால் திரும்ப வருமாம் என்று அவள் எங்கோ படித்ததையெல்லாம் சொன்னாள். மூக்கு சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் பொய்யே சொல்லாமல் காத்த மூக்கை ஒரே பொய்யில் கொடுத்துவிட்டோம், இனி இந்த வீட்டில் ஒரு நாளும் அதைத் திரும்பக் கேட்க முடியாது என்பது மெள்ள மெள்ளத்தான் உறைத்தது. சொன்னது பொய் என்று தெரிந்தால் இந்தக் கை விலகிவிடும். மருமகன் கிளாஸில் மிச்சமிருந்ததைத் தானே குடித்து முடித்தான்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. மகள் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். ஒன்றரை வயதுப் பெண், கன்னத்தில் தலையணை மடிப்பு. அவர் மடியில் உட்கார வைத்தாள். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தூக்கம் கலையாமல் அவர் நெஞ்சில் சாய்ந்தது. மகள் அதன் தலையை மெதுவாக அவர் மூக்கருகே சாய்த்தாள்.

"நல்லா இழுத்துப் பாருங்கப்பா. ஏதாவது தெரியுதா?"

வேர்த்த உச்சி, புளித்த பால், வெயிலில் காய்ந்த துணி, எதுவென்று பெயர் சொல்ல முடியாத இன்னும் ஒன்று. இத்தனை வருஷத்தில் எந்தக் கிளாஸிலும் அது வந்ததில்லை. மூக்கு சார் ஆழமாக இழுத்தார்.

"இல்லம்மா" என்றார். "ஒண்ணும் தெரியல."